நிலைத்திருக்கும் நம்பிக்கை: ஜெபக்கூட்டம் முடிந்தபின் கேட்கிற கேள்விகள்

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்க ஜெபக்கூட்டம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நடக்கும். ஜெபம் முடிந்து சுக்குக்காபி டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் மனசில் இருக்கிற கேள்விகள் வெளியே வரும். கூட்டத்தில் வாயே திறக்காத ஒருவர், வாசலில் செருப்பு மாட்டும்போது "டீச்சர், ஒரு நிமிஷம்" என்பார். நான் மெஞ்ஞானபுரம் பக்கத்தில் தேரிக்காட்டு (செம்மணல் காட்டு) ஊரில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்று, இப்போது பாளையங்கோட்டையில் இருக்கிறேன். வேதசாஸ்திரம் படித்தவள் அல்ல. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

விசுவாசம், நம்பிக்கை இரண்டும் ஒன்றுதானே?

பேச்சுவழக்கில் ஒன்றுதான். "மழை வரும்னு நம்பிக்கை இருக்கு" என்கிறோம், "கடவுள் நம்பிக்கை" என்றும் சொல்கிறோம். ஆனால் நம் தமிழ் வேதாகமம் இரண்டையும் பிரித்து வைத்திருக்கிறது. 1 கொரிந்தியர் 13-ம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் விசுவாசம், நம்பிக்கை, அன்பு என்று மூன்றாக எண்ணி, இம்மூன்றும் நிலைத்திருக்கிறது என்கிறார் இயேசுவின் அப்போஸ்தலரான பவுல். ஆண்டவர் கையில் இன்றைக்கு என்னை ஒப்புக்கொடுப்பது விசுவாசம். அவர் சொன்னது இன்னும் கண்ணில் படாதபோதும் அதற்காகக் காத்திருப்பது நம்பிக்கை.

எங்கள் தாத்தா அறுபது வயதுக்கு மேல் தேரியில் பனங்கொட்டை ஊன்றினார். பனை ஏறுகிற பதத்துக்கு வர 15 வருஷத்துக்கு மேல் ஆகும். அந்த மரத்துப் பதநீரைத் தான் குடிக்கப்போவதில்லை என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் செம்மண்ணைக் காலால் தள்ளி மூடி, கைத்தடியால் இரண்டு தட்டு தட்டிவிட்டு அடுத்த குழிக்கு நகர்வார். 92-ம் சங்கீதம் "நீதிமான் பனையைப்போல் செழித்து" என்கிறது. எபிரெயர்கள் மனசில் இருந்தது பேரீச்சை. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் பனை என்று போட்டார்கள், எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு அதுவே பொருத்தம். அதே சங்கீதம் இரண்டு வசனம் தள்ளி, அவர்கள் முதிர்வயதிலும் கனி தருவார்கள் என்கிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் தாத்தாவின் கைத்தடி என் காதில் கேட்கும்.

"எல்லாம் சரியாயிடும்" என்று மனசைத் தேற்றிக்கொள்வதுதானே இது?

இல்லை. "சரியாயிடும்" என்பது நிலைமையைப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. நிலைமை மாறாவிட்டால் அந்த வார்த்தைக்கும் பலம் இல்லாமல் போய்விடும். எபிரெயர் 6-ம் அதிகாரம் நம்பிக்கையை ஆத்தும நங்கூரம் என்கிறது. மணப்பாட்டுக் கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். நங்கூரம் போட்டதும் அலை நிற்காது, படகு ஆடிக்கொண்டேதான் இருக்கும். பிடிப்பு கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது.

அப்போ அந்த நங்கூரம் எதில் பதிந்திருக்கிறது என்று கேட்பீர்கள். சிலுவையில் அறையப்பட்டு அடக்கம்பண்ணப்பட்ட இயேசு மூன்றாம் நாள் உயிரோடு எழுந்தார் என்பதில்தான். பவுல் இதில் சுற்றிவளைக்கவே இல்லை. கிறிஸ்து எழுந்திராவிட்டால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று எழுதிவிட்டார். அந்த ஒன்று இல்லையென்றால் மற்றதெல்லாம் வெறும் ஆறுதல் பேச்சு.

எங்கள் ஊரில் ஈஸ்டர் அன்று விடியுமுன் கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். ஏப்ரல் மாதத்திலும் அந்நேரம் தேரி மணல் காலுக்குக் குளிர்ச்சியாக இருக்கும். காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. ஒருத்தர் உள்ளங்கையைக் குவித்துப் பிடிக்க, இன்னொருத்தர் பற்றவைப்பார், மெழுகு விரலில் சொட்டும். என் அப்பா, அம்மா, பிறந்து ஒன்பதாம் நாளில் போய்விட்ட என் தம்பி, எல்லாருக்கும் ஒவ்வொரு வர்த்தி. கிழக்கே வெளுக்கும்போது பாட்டு ஆரம்பிக்கும். சாவை இல்லை என்று மறைத்துவிட்டு நாங்கள் பாடவில்லை. சாவு நடந்த இடத்திலேயே நின்று பாடுகிறோம். மாற்கு சுவிசேஷத்தில் கல்லறைக்குப் போன பெண்கள், வாசலில் இருக்கிற கல்லை நமக்காக யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டே போகிறார்கள். விடை தெரியாமலே நடந்தார்கள். நம்பிக்கை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த நடைதான்.

புது வருஷத்து வாக்குத்தத்த வசனம் எனக்குப் பலிக்கவே இல்லையே?

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் கையில் வாங்குகிற, அந்த வருஷத்துக்கென்று ஒரு வசனம் போட்ட அந்தச் சின்ன அட்டையை நானும் பத்திரமாக வைத்துக்கொள்கிறவள்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அது அதிர்ஷ்டச் சீட்டு இல்லை.

அதிகம் பேருக்குக் கிடைக்கிற வசனம் எரேமியா 29:11. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருகிறதே, அது. அதற்கு முந்தின வசனத்தையும் வாசித்துப் பாருங்கள், 70 வருஷம் என்று போட்டிருக்கும். பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதின கடிதம் அது. அதைக் காதில் கேட்ட பெரியவர்களில் அநேகம் பேர் அந்நிய மண்ணிலேயே கண்ணை மூடியிருப்பார்கள். அவர்களுக்கு ஆண்டவர் சொன்னது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். வேலை கிடைக்கும், விசா வரும் என்பதைவிட இது பெரிய வாக்குத்தத்தம். எங்கே இருந்தாலும் நான் உங்களை மறக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார்.

அட்டையை வேதாகமத்துக்குள் வைக்கும்போது, அந்த முழு அதிகாரத்தையும் ஒருதடவை வாசித்துவிட்டு வையுங்கள்.

ஜெபித்தோம், உபவாசம் இருந்தோம். குணமாகவில்லை. எங்களுக்கு விசுவாசம் குறைவா?

இந்தக் கேள்வியை நான் கேட்டே ஆகவேண்டியிருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை முற்றி இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. மூன்று வருஷம் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி போடுவதற்கென்று ரத்தக்குழாயை இணைத்திருந்தார்கள். அதன்மேல் விரல் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி ஒரு அதிர்வு தெரியும். தூக்கம் வராத ராத்திரிகளில் அதைத் தொட்டுப் பார்ப்பேன். ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

அந்த நாட்களில் வீட்டுக்கு வந்து ஜெபித்த ஒரு ஊழியக்காரர், "இந்த வீட்டில் அவிசுவாசம் இருக்கிறது, அதனால்தான் சுகம் தடைபடுகிறது" என்று என் வீட்டுக்காரர் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடவில்லை. அந்த வார்த்தை என் நெஞ்சில் எத்தனையோ நாள் முள்ளாகக் கிடந்தது.

முள்ளுக்குப் பதில் முள்ளிலேயே கிடைத்தது. 2 கொரிந்தியர் 12-ல் பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக எழுதுகிறார். முள் போகவில்லை. "என் கிருபை உனக்குப் போதும்" என்ற பதில்தான் வந்தது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்ல முடியுமா? அதைவிடப் பெரியது, சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் நடந்தது. இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்று இயேசுவே ஜெபித்தார், பாத்திரம் நீங்கவில்லை. ஆகவே, கேட்டது கிடைக்காத ஒருவரைப் பார்த்து "உனக்கு விசுவாசம் இல்லை" என்று சொல்கிறவர், தெரியாமலே ஆண்டவரைப் பார்த்தும் அதைச் சொல்கிறார். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேசமாட்டேன்.

சுகம் தருகிறவர் அவர்தான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இன்றைக்கும் நோயாளிகள் பேரை எழுதிவைத்து ஜெபிக்கிறேன். மருத்துவரிடம் போவதையும் மாத்திரை போடுவதையும் ஜெபத்துக்கு எதிராக நிறுத்தாதீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்குக் குடிக்கத் தண்ணீர் அளவுதான். பாளையங்கோட்டை மே மாத வெயிலில் அது என்ன பாடு என்று தெரியும்தானே. மத்தியானம் ஒரு ஐஸ்கட்டி கொடுப்பேன். வாயில் போடுமுன் அதை விரலில் பிடித்தபடி கண்ணை மூடி "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்பார். ஐஸ் உருகி முழங்கை வரைக்கும் வடியும், அதற்காக அவர் ஜெபத்தைச் சுருக்கினதில்லை. கேட்டது கிடைக்காத மனுஷர் கிடைத்ததற்கு நன்றி சொன்னதை மூன்று வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தேன். நம்பிக்கை பற்றி நான் கேட்ட எந்தப் பிரசங்கமும் அதற்கு இணை இல்லை.

வருஷக்கணக்கில் படுக்கையில் இருக்கிற அம்மாவிடம் என்ன சொல்வது?

அதிகம் சொல்ல வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள், வேலை இருந்தால் கொடுங்கள். டோனாவூரில் பிள்ளைகளுக்குத் தாயாக இருந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் கீழே விழுந்தபின் ஏறக்குறைய 20 வருஷம், 1951-ல் இறக்கும்வரை, பெரும்பாலும் தன் அறையிலேயே இருந்தார். அந்த அறையிலிருந்துதான் எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பேசினார். தன் கல்லறைமேல் கல் வேண்டாம் என்று சொல்லியிருந்ததால், அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அம்மாவிடம் ஐந்து பேர் பெயரைக் கொடுத்து, "இவங்களுக்காக நீங்கதான் ஜெபிக்கணும்" என்று சொல்லிப் பாருங்கள்.

2023 வெள்ளத்தில் எல்லாம் போனது. ஆண்டவர் ஏன் அனுமதித்தார்?

எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள். எல்லாவற்றையும் இழந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இராப்பகல் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரைக்கும் சரி. வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது.

டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் பக்கம் என் தங்கச்சி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நாலு நாள் கழித்துப் போனபோது சேறு நாற்றம், கட்டில் மெத்தை ஊறிக் கிடந்தது. அவள் எங்கள் அப்பாவின் வேதாகமத்தைக் கொடிக்கயிற்றில் கவிழ்த்துப் போட்டிருந்தாள். முன்பக்கத்தில் நாலு தலைமுறைப் பெயர்கள், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அடக்கத் தேதி எல்லாம் மைக்கூட்டுப் பேனாவில் எழுதியது. மை கரைந்து பக்கம் முழுக்க நீலமாகப் பரவியிருந்தது. ஒரு பெயரும் வாசிக்க முடியவில்லை. அதைப் பார்த்துத்தான் அவள் அழுதாள். மெத்தைக்கும் ஃபிரிட்ஜுக்கும் அழவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: "அக்கா, உங்கள் நாமங்கள் பரலோகத்தில் எழுதியிருக்கிறதுன்னு லூக்காவில வருமே, அது எந்த அதிகாரம்?" பத்தாவது என்றேன். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்ததால் எடுத்துப் பார்க்க முடியவில்லை.

எருசலேம் எரிந்த சாம்பலில் உட்கார்ந்து எழுதின புலம்பல் புத்தகத்தின் நடுவில்தான், அவருடைய இரக்கங்களுக்கு முடிவில்லை, அவைகள் காலைதோறும் புதியவைகள் என்ற வசனம் இருக்கிறது. முன்னாலும் பின்னாலும் அழுகைதான். அந்த இடத்தைவிட்டுப் பிடுங்கி அந்த வசனத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்லணும். அந்த நாட்களில் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் கையில் இருந்ததைச் சமைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் யாரும் ஜாதி மதம் பார்க்கவில்லை. ஆண்டவருடைய இரக்கம் நம் கோவில் வாசலோடு நின்றுவிடும் என்று நான் நினைத்ததே இல்லை.

விசுவாசிகள் துக்கத்தில் அழலாமா?

தாராளமாக அழலாம். செத்துப்போன தம் சிநேகிதன் லாசருவை எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தே இயேசு கண்ணீர் விட்டார். நம்பிக்கையற்றவர்களைப்போல துக்கிக்காதீர்கள் என்று பவுல் சொன்னாரே தவிர, துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் "அழாதீங்க, பரலோகத்தில பார்க்கலாம்" என்று வாயை அடைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

சாகலாம் போல இருக்கிறது. ஜெபிக்கக்கூட முடியவில்லை. நான் கெட்ட கிறிஸ்தவளா?

இல்லை, கண்ணே. எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின்கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றார். அதற்கு ஆண்டவர் அவரைத் திட்டவில்லை, பிரசங்கமும் பண்ணவில்லை. தூங்கவிட்டார். தூதன் தட்டி எழுப்பி, சுட்ட அடையும் ஒரு செம்பு தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். இரண்டாம் தரம் எழுப்பி, நீ போகவேண்டிய தூரம் அதிகம், சாப்பிடு என்றான்.

ஆகவே முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள், ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கம் பசி இல்லாமல், எதிலும் மனசு ஒட்டாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஜுரத்துக்குப் போகிற மாதிரிதான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதென்றால் இப்போதே 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். இலவசம், எந்நேரமும் தமிழில் பேசலாம். 104-லும் பேசலாம். தனியாக இருக்காதீர்கள்.

ஜெபிக்க முடியாத நாளில் உங்களுக்காக வேறொருவர் ஜெபிக்கட்டும். திருநெல்வேலிப் பக்கத்தில் கரையிருப்பு ஊரில் 1827-ல் பிறந்த கிருஷ்ண பிள்ளை, ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதையைத்தான் தமிழில் காவியமாகப் பாடினார். அந்த ஆங்கிலக் கதையில் பயணி கடைசி ஆற்றில் முங்கப்போகிறான். கூட வருகிறவன் பெயரே நம்பிக்கை. அவன்தான் பயணியின் தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எனக்குக் கால் தட்டுப்படுகிறது, தரை நன்றாயிருக்கிறது" என்கிறான். சபை என்பது அதற்குத்தான். இந்த வாரம் உங்களுக்குக் கால் எட்டாவிட்டால் எங்களுக்கு எட்டுகிறது.

சபைச் சண்டையைப் பார்த்தே வெறுத்துப்போச்சு. தேர்தல், கோர்ட், ஜாதி. இதிலா நம்பிக்கை?

உங்கள் வெறுப்பு நியாயம். ஒரே கல்லறைத் தோட்டத்தில்கூடப் பிரிவினை பார்க்கிற இடங்களை நானும் பார்த்திருக்கிறேன். கர்த்தருடைய பந்தியில் ஒன்றாக முழங்காலிட்டுவிட்டு வெளியே வந்து பிரிந்து நிற்பது பாவம். அதற்கு வேறு நல்ல பெயர் கிடையாது.

ஆனால் நம்பிக்கையைச் சபை நிர்வாகத்தின்மேல் வைக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. பிரபுக்களை நம்பாதேயுங்கள் என்கிறது 146-ம் சங்கீதம். நம் திருநெல்வேலிச் சபை தொடங்கின கதையை நினைத்துப் பாருங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிராமண விதவை, ஆங்கிலேய ராணுவ அதிகாரியோடு வாழ்ந்தவர். அதனாலேயே மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (போதகரை ஐயர் என்போம்) முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அந்த அதிகாரி இறந்தபின் 1778-ல் கொடுத்தார். அந்த விதவைதான் குளோரிந்தா. 1780-ல் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் இருந்தது 40 பேர். அவர் முயற்சியில் 1785-ல் கட்டின கோவில் இன்றைக்கும் இருக்கிறது, பாப்பாத்தியம்மாள் கோவில் என்போம். ஊர் வாயில் விழுந்த ஒரு பெண்ணை வைத்து ஆண்டவர் இந்தச் சீமையில் வேலையை ஆரம்பித்தார். நம் சண்டைகளால் அவர் கை கட்டப்பட்டுவிட்டது என்று என்னால் நம்ப முடியவில்லை.

எங்கே ஆரம்பிப்பது?

சங்கீதங்களில். தினம் ஒன்று, சத்தமாக. கோபமாக இருந்தால் 13, பயமாக இருந்தால் 27, ஒன்றுமே புரியவில்லையென்றால் 88. இந்த 88 எபிரெய மூலத்தில் இருட்டு என்ற வார்த்தையிலேயே முடிகிற சங்கீதம், அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். அப்புறம் மாற்கு சுவிசேஷம், சின்னதுதான், இரண்டு மணி நேரத்துக்குள் வாசித்துவிடலாம். ராத்திரி குடும்ப ஜெபம் விட்டுப்போயிருந்தால் டிவியை அணைத்துவிட்டு ஐந்து நிமிஷம் போதும். பிள்ளைகள் துபாயிலோ சென்னையிலோ இருந்தால் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு ஒரு வசனம் வாசியுங்கள். அவர்கள் அவசரத்தில் "சரிம்மா, சரிம்மா" என்றாலும் பரவாயில்லை.

நான் கிறிஸ்தவன் இல்லை. கோவிலுக்கு வரலாமா?

வரலாம் தம்பி. ஞாயிறு ஆராதனைக்கு நேரே உள்ளே வந்து எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம். எழுந்து நிற்பது, முழங்காலிடுவது தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். நற்கருணைக்கு மட்டும் முன்னால் வரவேண்டாம், அது ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு. காணிக்கைப் பை வந்தால் அப்படியே பக்கத்தில் தள்ளிவிடலாம். கேள்வி இருந்தால் ஆராதனை முடிந்ததும் ஐயரைப் பாருங்கள். ஐயர் அவசரமாகக் கிளம்பிவிட்டால் பின்பக்கம் பெண்கள் வரிசையில் கடைசிப் பெஞ்சில் நான் இருப்பேன். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் அசனம் நடக்கிற நாளில் வந்தால் இன்னும் நல்லது. பெரிய அண்டாவில் சோறும் குழம்பும் வேகும், ஊரே ஒரே வரிசையில் உட்காரும், உங்களுக்கும் ஒரு இலை போடுவார்கள்.